தலையாட்டாத அக்கா

அக்காவுக்கு அறிவு குறைவு என்று சிகாமட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் சொல்லவில்லை, நினைத்தார்கள், அவ்வளவுதான். இரண்டு தரப்பையும் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களோடுதான் இன்றைக்கும் கோயிலில் வரிசையில் நின்று சர்க்கரைப் பொங்கல் வாங்குகிறேன். ஆனாலும் இதை எழுதத்தான் போகிறேன். படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் எங்கள் தெருவில் பலருக்கு அது யார் என்று விளங்காது. எல்லோருக்கும் அவர் 'புரியலக்கா'தான். அந்தப் பட்டப்பெயரைப் பிஸ்கட் தொழிற்சாலையில் நாங்கள்தான் வைத்தோம். அவர் அடுத்த வீடு. ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் போவோம், ஒரே பேக்கிங் பிரிவில் நிற்போம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். கட்டிய கணவரைவிட அக்காவைத்தான் நான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன்.

புதிய இயந்திரம் ஏதாவது வந்தால் சூப்பர்வைசர் எங்களைச் சுற்றி நிறுத்தி மலாயில் விளக்குவார். முடித்ததும் "ஃபாஹாம்?" என்பார். புரிந்ததா என்று அர்த்தம். ஆனால் அது கேள்வியே இல்லை. பேச்சு முடிந்தது, கலையலாம் என்பதற்கான அடையாளம். நாங்கள் எல்லோரும் "ஃபாஹாம், பாஸ்" என்போம். சொல்லும்போதே எங்கள் கால்கள் கேண்டீன் பக்கம் திரும்பியிருக்கும். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் வரும்.

"தா ஃபாஹாம், பாஸ்."

புரியவில்லை. அதில் சண்டை இருக்காது, கூச்சமும் இருக்காது. சாப்பாட்டு மேசையில் உப்பு கொஞ்சம் நகர்த்துங்கள் என்று கேட்கிற தொனிதான். எது புரியவில்லை என்று சூப்பர்வைசர் கேட்பார். சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்த வேண்டும் என்றீர்கள், நிறுத்திய பிறகு எப்போது கையை உள்ளே விடலாம் என்று சொல்லவில்லையே என்பார் அக்கா. சூப்பர்வைசர் மறுபடி தொடங்குவார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம்.

"அக்கா, ரெஸ்ட் டைம் போச்சுலா. எங்களுக்கு டீ வேணாமா?"

"போனாப் போவுதும்மா. ஒரு தடவ தலையாட்டிட்டா அப்புறம் கேக்க முடியாது."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் வேறு வேறு இடங்களில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கேள்வியால் யாருடைய விரலாவது தப்பியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தப்பிய விரலுக்கு யாரும் சாட்சி வைப்பதில்லை.

எங்கள் ஆட்களுக்குத் தலையாட்டுவது ரத்தத்தில் ஊறிய விஷயம். என் அப்பா தோட்டத்தில் இருந்தபோது, கணக்கெழுதும் கிராணி வாயைத் திறப்பதற்கு முன்பே "சரிங்கையா" என்று தலை ஆடிவிடும். மரியாதை என்று அதற்குப் பெயர். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தபோது பாய், பானை, சாமி படம் எல்லாவற்றோடும் இந்தத் தலையாட்டலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். கிளினிக்கில் டாக்டர் பேசினால் தலையாட்டுவோம். வங்கியில், போலீஸ் நிலையத்தில், பள்ளிக்கூடத்தில், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு யார் பேசினாலும் தலையாட்டுவோம். பிறகு வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் கேட்போம்: "என்னலா சொன்னாரு?" யாருக்கும் தெரியாது. ஆளுக்கு ஒன்று சொல்வோம். அதில் யார் சத்தமாகச் சொன்னாரோ அவர் சொன்னதுதான் டாக்டர் சொன்னது என்று முடிவாகிவிடும். இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் இது என் ஒருத்தியின் பழக்கம் இல்லை.

அக்காவுக்கு மட்டும் அந்தக் கழுத்து அமையவில்லை. புரிகிற வரைக்கும் தலை அசையாது. கண்ணை இமைக்காமல் பேசுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசுகிறவர்களுக்கு அது தாங்காது. நாம் ஆட்டுகிற ஆட்டில்தான் பாதிப் பேருடைய பேச்சே ஓடுகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவரோடு பழகுவது லேசான காரியம் இல்லை. பஸ்ஸில் யாராவது ஜோக் சொன்னால் எல்லோரும் சிரிப்போம், அவர் சிரிக்கமாட்டார். "அந்த ஆளு ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்பார். விளக்கினால் ஜோக் செத்துவிடும். மறுநாள் காலையில், எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டு வேலைக்குப் போகும்போது, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இப்போதுதான் புரிந்ததாம். அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து நாங்கள் மறுபடி சிரிப்போம். முதல்நாள் சிரித்ததைவிட அது நன்றாகத்தான் இருக்கும்.

கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை சொற்பொழிவாளர் ஒருவர் வந்தார். பட்டு ஜிப்பா, கணீரென்ற குரல். அறிவு என்பது யாது என்று தொடங்கி, அது நீர் அல்ல, நெருப்பு அல்ல, காற்று அல்ல என்று நீண்ட நேரம் சொல்லிக்கொண்டே போனார். கூட்டம் மெய்மறந்து தலையாட்டியது. முடிவில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று அவர் ஒரு மரியாதைக்குச் சொன்னார். கோயில் தலைவர் மாலையைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா எழுந்தார்.

"ஐயா, எதெல்லாம் அறிவு இல்லன்னு சொன்னீங்க. எது அறிவுன்னு சொன்னது எனக்குப் புரியலங்க."

"அது உள்ளுக்குள்ளே உணர வேண்டியது, தாயே."

"உள்ளுக்குள்ள ஒண்ணும் வராதவங்க என்ன செய்யறதுங்கய்யா?"

அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. தலைவர் மாலையைப் போட்டுவிட்டார். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "பதில் சொல்லலயே" என்று என்னிடம் சொன்னார். கோபமாக இல்லை, ஆச்சரியமாக. கேட்டால் பதில் வரும் என்று அவர் எப்போதும் நம்பினார்.

அந்தக் குடும்பத்தில் அறிவாளி என்று பெயர் வாங்கியவர் வேறொருவர். அக்காவின் கொழுந்தன். அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதனால் வெளிக் காரியங்களுக்கெல்லாம் தம்பிக்காரர்தான் முன்னால் நிற்பார். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "தெரியும், தெரியும்" என்பார். அவருக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்ததாக யாரும் பார்த்ததில்லை. நல்ல மனிதர்தான், உதவி என்றால் முதலில் ஓடி வருவார். ஆனால் வாய் ஓடுகிற வேகத்துக்குக் காது ஓடாது.

எங்கள் ஆறு பொங்கிய வருடம் ஒன்றில் இது தெளிவாகத் தெரிந்தது. காலையில் மழைக்கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் தெருத் தெருவாக வந்து, எல்லோரும் கிளம்புங்கள் என்று மலாயில் வேகமாகச் சொன்னார். எங்கே போக வேண்டும், எந்தப் பாதை என்றெல்லாம் விளக்கினார். நாங்கள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையாட்டினோம். வெள்ளம் வந்தால் எப்போதும் போகிற பள்ளிக்கூடம்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது.

"எனக்குத் தெரியும் அண்ணி, வண்டில ஏறுங்க" என்றார் கொழுந்தன்.

அக்கா ஏறவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை நனைந்தபடி அதிகாரியின் முன்னால் போய் நின்றார். நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை, எந்த இடம் என்று மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டார். அதிகாரி அலுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். வழக்கமாகப் போகிற பள்ளிக்கூடத்துப் பாதை ஏற்கெனவே தண்ணீரில் போய்விட்டது, இந்த முறை மேட்டில் இருக்கிற சமூக மண்டபத்துக்குப் போக வேண்டும், அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன் என்றார். தெருவே அப்படியே நின்றது. கொழுந்தன் இன்ஜினை அணைத்துவிட்டு, "அதான் எனக்குத் தெரியுமே" என்றார்.

மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்த பிறகு இதைப் பற்றித்தான் பேச்சு. "நல்ல வேளை, அந்த மக்கு கேட்டுச்சு" என்று ஒருவர் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். கேட்டது மக்கு, கேட்காமல் தண்ணீருக்குள் போகவிருந்தவர்கள் அறிவாளிகள். எனக்கு வந்த ஆத்திரத்தில், அப்படிச் சொன்னவருக்கு ஊற்ற இருந்த மைலோவை நானே குடித்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்தபோது அக்காவின் மகளை யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. ஒரே மகள். மெல்லிசாக, அம்மாவைப் போலவே பெரிய கண்களோடு இருப்பாள். "சாப்டியாம்மா?" என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். எதையும் சட்டென்று சொல்லிப் பழக்கமில்லை.

அவள் மூன்றாம் ஆண்டு படித்தபோது தமிழ்ப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். கொழுந்தன் குடும்பத்தின் சார்பாகப் பேச வந்தார். அக்காவை என் காரில் கூட்டிக்கொண்டு நானும் போனேன். தலைமையாசிரியர் அறையில் வகுப்பு டீச்சரும் இருந்தார். இளம் வயது, தூக்கம் போதாத கண்கள். விஷயம் இதுதான். பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, எதைக் கேட்டாலும் பதில் இல்லை. வேறொரு பள்ளியில் இருக்கிற தனி வகுப்புக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்தத் தனி வகுப்பை நான் குறை சொல்லவில்லை. அது வேண்டியிருக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய துணை. இந்தப் பிள்ளைக்கு அது வேண்டுமா என்பதுதான் கேள்வி.

"பிள்ளைக்கு அறிவு வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கி இருக்கும்மா. அவ நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார் தலைமையாசிரியர்.

"புரியுது சார். நீங்க பாத்துச் செய்ங்க" என்றார் கொழுந்தன்.

"எனக்குப் புரியல சார்" என்றார் அக்கா. "பின்தங்கி இருக்குன்னு சொன்னீங்க. யாருக்குப் பின்னால?"

"மத்த பிள்ளைங்களுக்குப் பின்னால."

"மத்த பிள்ளைங்க எங்க போறாங்க சார்?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்திருப்பார். அக்காவுக்குக் கிண்டல் வராது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அம்மா, ஒரு கேள்வி கேட்டா பதில் வரணும் இல்லீங்களா?"

"வரணும் சார். எவ்ளோ நேரத்துல வரணும்?"

டீச்சர் குறுக்கே வந்தார். "உடனே வரணும்னு நான் சொல்லலீங்க. ஆனா வகுப்புல எத்தன பிள்ளைங்க. ஒருத்திக்காக நான் எவ்ளோ நேரம் நிக்க முடியும்?"

"அது எனக்குப் புரியுது டீச்சர். ஞாயம்தான், உங்களுக்கு நேரம் இல்ல." அக்கா நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "ஆனா உங்களுக்கு நேரம் இல்லாததும் எம்மவளுக்கு அறிவு இல்லாததும் ஒண்ணா? அதுதான் புரியல."

கொழுந்தன் தொண்டையைக் கனைத்தார். "அண்ணி, அவங்க படிச்சவங்க."

"நீங்க கொஞ்சம் இருங்க தம்பி."

எனக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டார்கள். வந்து வாசல் பக்கமே நின்றாள்.

"நேத்து நடத்துன செடிப் பாடம் புரிஞ்சுதாம்மா?" என்று டீச்சர் கேட்டார். நல்ல முறையில், மென்மையாகத்தான் கேட்டார்.

பிள்ளை தலையாட்டினாள்.

"என்ன புரிஞ்சுது? அம்மாகிட்ட சொல்லு" என்றார் அக்கா.

அதற்கும் தலையாட்டினாள். ஆமாம், இல்லை என்று சொல்கிற கேள்வியே இல்லை அது. ஆனாலும் அந்தச் சின்னத் தலை மேலும் கீழும் ஆடியது. என் அப்பாவின் தலை கிராணிக்கு முன்னால் ஆடிய மாதிரியே ஆடியது. நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை நேரம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவரின் முகம் விழுந்துவிட்டது.

"இவ தலையாட்டுறா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

மற்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கடைசியில் தலைமையாசிரியர்தான் இறங்கி வந்தார். வருடக் கடைசி வரைக்கும் பார்ப்போம், டீச்சர் என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்து முடிவு என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

கொழுந்தன் அங்கிருந்தே தன் வண்டியில் வேலைக்குப் போய்விட்டார். திரும்பும்போது பிள்ளை என் காரின் பின்சீட்டில் இருந்தாள். "ஏம்மா புரியாமயே தலையாட்டுற?" என்று அக்கா கேட்டார். சந்தையைத் தாண்டினோம், ரயில் நிலையத்தைத் தாண்டினோம். அக்கா இரண்டாவது தடவை கேட்கவில்லை, காத்திருந்தார். பாலத்துக்கு மேல் ஏறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"புரியலன்னு சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா. புரியலக்கா மகள்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. நீங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தா எழுந்து நின்னு பேசாதீங்கம்மா."

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது, திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. அக்கா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது "சரிம்மா" என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் அக்காவின் குரல் கேட்கவில்லை. ஒருநாள் சூப்பர்வைசர் புதிய பாக்கெட் அளவு பற்றிப் பேசிவிட்டு "ஃபாஹாம்?" என்றார். நாங்கள் ஃபாஹாம் என்றோம். அவர் போகாமல் பின்வரிசையைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் வரவில்லை. அவருக்கே என்னவோ மாதிரி ஆகி, தானாகவே இன்னொரு முறை விளக்கினார். எங்களுக்கு டீ நேரம் முழுசாகக் கிடைத்தது. யாருக்கும் அது ருசிக்கவில்லை என்றால் நம்பமாட்டீர்கள்.

பஸ்ஸில் ஒருநாள் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நான் வாய மூடிட்டா கேக்கறதே தப்புன்னு அவ முடிவு பண்ணிடுவா. நான் கேட்டா அவளுக்கு அவமானம். ரெண்டுல எது சரின்னு புரியல. இத யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்மேல் இல்லை, எங்கள் எல்லோர்மேலும்.

"அக்கா, நீங்க கேக்கறதால அவளுக்கு அவமானம் இல்ல. நீங்க மட்டும் கேக்கறதாலதான்."

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்லா. பள்ளிக்கூடத்துல அடுத்த பெற்றோர் கூட்டம் வரும்ல, அதுல பேசாம உக்காருங்க, போதும்."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் அந்தப் பெண் வகுப்பில் முதலாக வந்தாள், பேரறிவாளி என்று நிரூபித்தாள் என்று நான் எழுதுவேன் என யாராவது எதிர்பார்த்தால், அப்படி ஒரு செய்தி என்னிடம் இல்லை. இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள், கணக்குப் பாடத்தில் திணறுகிறாள், பந்து விளையாட்டில் ஆசை. முதலாக வந்தால்தான் ஒரு பிள்ளைக்கு அறிவு உண்டு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்றால், அந்தச் சொற்பொழிவாளரிடமே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவின் கணவருக்கு ஜோகூர் பாரு பக்கம் வேலை மாறியதால் அவர்கள் குடிபோய்விட்டார்கள். அடுத்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள், நான் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். எனக்கு அது போரடிக்கிறது.

சொல்ல வந்தது அந்தக் கூட்டத்தைப் பற்றி. வருடக் கடைசியில் பெற்றோர் எல்லோரையும் பள்ளி மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் அங்கே ஒரு பிள்ளை படித்தது. அக்காவின் மகளைப் பற்றிய முடிவு அந்த வாரம் தெரியவேண்டும். அக்கா என் பக்கத்தில், மகள் அக்காவின் மறுபக்கத்தில், அதற்குப் பக்கத்தில் கொழுந்தன். பிள்ளை அம்மாவின் துப்பட்டா முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுந்தால் இழுத்து உட்கார வைப்பதற்கு.

தலைமையாசிரியர் வகுப்புசார் மதிப்பீடு பற்றிப் பேசினார். இப்போதெல்லாம் மதிப்பெண் கிடையாது, முதலிடம், இரண்டாமிடம் கிடையாது, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலை என்றார். திரையில் படம் படமாக ஓடியது. நாங்கள் எத்தனை 'ஏ' என்று கேட்டே வளர்ந்தவர்கள். கோயிலில் பரிசு கொடுப்பதுகூட 'ஏ' கணக்கைப் பார்த்துத்தான். எங்களில் யாருக்கும் ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

"புரிஞ்சுதுங்களா?" என்றார்.

மண்டபம் முழுக்கத் தலைகள் ஆடின. கொழுந்தனின் தலை எல்லோரையும்விட நன்றாக ஆடியது. அக்காவின் தலை அசையவில்லை. ஆனால் அவர் எழவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு மனுஷியை வாயடைத்து உட்கார வைத்துவிட்டோமே என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"எனக்குப் புரியல சார்."

எல்லோரும் பழக்கத்தில் அக்காவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு குழம்பி, பிறகு என்னைக் கண்டுபிடித்தார்கள்.

"எதும்மா புரியல?"

"எல்லாமே சார். நெல ஒண்ணு, நெல ரெண்டுன்னா என்னன்னே தெரியல. நீங்க பேச ஆரம்பிச்சதிலேருந்து சும்மா தலையாட்டிக்கிட்டு இருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் எங்கள் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "எனக்கும் புரியல சார்." பஸ்ஸில் நான் அவளிடம் பேசி வைத்திருந்தேன், அது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு எழுந்த மனிதரை எனக்கு முன்பின் தெரியாது. போன வருடமே கேட்க வேண்டும் என்றிருந்தாராம். அப்புறம் ஒரு தாய், அப்புறம் அவள் பக்கத்தில் ஒருத்தர். கைகள் அங்கங்கே எழும்பின.

"இத்தன பேருக்குப் புரியலன்னா ஏன் இவ்ளோ நேரம் தலையாட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டுத் தலைமையாசிரியர் அவரே சிரித்துவிட்டார். முதலில் தேநீர் குடியுங்கள், பிறகு அடியிலிருந்து சொல்கிறேன் என்றார்.

நாற்காலிகள் நகர்கிற சத்தத்தில் பிள்ளை மண்டபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துப்பட்டாவை விட்டுவிட்டாள்.

"அம்மா, எனக்கு அது தெரியும். சொல்லவா?"

"நான் சொல்றேன் அண்ணி, எனக்குத் தெரியும்" என்றார் கொழுந்தன். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். எழுந்து தேநீர் வாங்கப் போய்விட்டார்.

"சொல்லும்மா" என்றார் அக்கா.

"நெல ஒண்ணுன்னா, தெரியும். ரெண்டுன்னா, தெரியும், புரியும். மூணுன்னா..." நிறுத்தினாள். நாங்கள் காத்திருந்தோம். "தெரியும், புரியும், செய்யவும் முடியும். அதுக்கு மேலயும் இருக்கு."

"தெரியறதும் புரியறதும் வேற வேறயா?"

பிள்ளை யோசித்தாள். பக்கத்து வரிசையில் யாரோ பிஸ்கட் தட்டை நீட்டினார்கள், நான் வாங்கிக் கீழே வைத்தேன்.

"வேறம்மா."

அக்கா மகளின் முகத்தை இமைக்காமல் பார்த்தார். "அறிவியல்ல நீ எந்த நெல?"

"டீச்சர் ஒண்ணு போட்டிருக்காங்க."

"நீ சொல்லு."

இந்த முறை இன்னும் அதிக நேரம் ஆனது. "ரெண்டும்மா. செலதுல மூணு."

"அது டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் இன்னும் சொல்லல."

போய்ச் சொல்லு என்று என் வாய்வரை வந்துவிட்டது. அக்கா சொல்லவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை மேடைப் பக்கம் பார்த்தாள். டீச்சர் அங்கே தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார், சுற்றிலும் பெற்றோர்கள். பிறகு அவள் எழுந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனாள். அக்கா எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற அளவுக்கு.

பிள்ளை டீச்சரின் எதிரில் போய் நின்றாள். டீச்சர் காத்திருந்தார். யாரோ டீச்சரைத் தோளில் தொட்டுக் கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை. பிறகு பிள்ளையின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. டீச்சர் கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குனிந்தார்.